கொழும்பில் ஏரோஃப்ளோட் வானூர்தி தடுத்து வைக்கப்பட்ட நிகழ்வு, 2022

கொழும்பில் ஏரோஃப்ளோட் வானூர்தி தடுத்து வைக்கப்பட்ட நிகழ்வு என்பது 2022 ஜூன் 2 அன்று இலங்கையின் கட்டுநாயக்க பண்டாரநாயக்க பன்னாட்டு வானூர்தி நிலையத்திலிருந்து மாஸ்கோவுக்குப் புறப்படவிருந்த ரஷ்ய வானூர்தி ஒன்று, நீதிமன்ற ஆணையால் புறப்பட முடியாமல் நிறுத்தப்பட்டதைக் குறிக்கும். ரஷ்யாவின் அரசுசார் வானூர்தி நிறுவனமான ஏரோஃப்ளோட் இயக்கிய ஏர்பஸ் ஏ330 வகை வானூர்தியே இவ்வாறு நிறுத்தப்பட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த குத்தகை நிறுவனமான செலஸ்டியல் ஏவியேசன் டிரேடிங் லிமிடெட் தொடுத்த வழக்கில் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் இந்த ஆணையைப் பிறப்பித்தது. ஜூன் 6 அன்று ஆணை இடைநிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து வானூர்தி மாஸ்கோ திரும்பியது.

உக்ரைன் போரை அடுத்து ரஷ்யாவின் மீது மேற்கு நாடுகள் விதித்த தடைகளை இலங்கை ஏற்கவில்லை. அவ்வாறிருந்தும் இலங்கை மண்ணில் ரஷ்ய வானூர்தி ஒன்று நிறுத்தப்பட்டதே இந்நிகழ்வின் சிறப்பு ஆகும். பன்னாட்டுத் தடைகளுக்கு உட்பட்ட வானூர்தி நிறுவனங்கள் எவ்வாறு தொடர்ந்து பறக்கின்றன, அவை எங்கே தடைபடுகின்றன என்பதை விளக்கும் எடுத்துக்காட்டாக இது அமைந்துள்ளது.

பின்னணி

குத்தகை முறை

வானூர்தி நிறுவனங்கள் தாம் இயக்கும் வானூர்திகள் அனைத்தையும் சொந்தமாக வைத்திருப்பதில்லை. ஒரு பெரிய பயணிகள் வானூர்தியின் விலை பல கோடி டாலர் ஆதலால், குத்தகை நிறுவனங்கள் அவற்றை வாங்கி, மாத வாடகைக்கு வானூர்தி நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. உலகின் பெரிய வானூர்திக் குத்தகை நிறுவனங்கள் பல அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் அமைந்துள்ளன. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர் ரஷ்ய நிறுவனங்கள் உள்நாட்டுத் தயாரிப்புகளான துப்பலேவ், இல்யூசின் ஆகியவற்றைப் படிப்படியாகக் கைவிட்டு, போயிங், ஏர்பஸ் வானூர்திகளைப் பெருமளவில் குத்தகைக்கு எடுத்தன. 2022 தொடக்கத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சொந்தமான 500-க்கும் அதிகமான வானூர்திகள் ரஷ்யாவில் இயங்கி வந்தன. இவற்றின் மதிப்பு ஏறத்தாழ 1,000 கோடி அமெரிக்க டாலர் எனக் கணிக்கப்பட்டது.

இவ்வானூர்திகளில் பெரும்பான்மையானவை ரஷ்யாவில் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பிரித்தானிய ஆட்சிப்பகுதியான பெர்முடாவிலும், சில அயர்லாந்திலும் பதிவு பெற்றிருந்தன. ஒரு வானூர்தி எந்த நாட்டில் பதிவு செய்யப்படுகிறதோ அந்த நாட்டின் குடியுரிமையைப் பெறுகிறது என்று 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை கூறுகிறது. அது பறப்பதற்குத் தகுதியானது என்று சான்றளிக்கும் பொறுப்பும் பதிவு நாட்டையே சார்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் செல்லத்தக்க பதிவு இருத்தலாகாது என்பது அவ்வுடன்படிக்கையின் 18 ஆம் பிரிவு ஆகும்.

தடைகளும் மறுபதிவும்

2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அதற்கு அடுத்த இரு நாட்களுக்குள் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு வானூர்திகளையும் உதிரிப்பாகங்களையும் வழங்குவதைத் தடை செய்தது. நடப்பிலிருந்த குத்தகை ஒப்பந்தங்களை மார்ச் 28-க்குள் முடித்துக்கொள்ளுமாறு குத்தகை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா ஆகியனவும் தம் தடைகளை விதித்தன. இந்நாடுகள் ரஷ்ய வானூர்திகளுக்குத் தம் வான்பரப்பை மூடின. ரஷ்யாவும் 36 நாடுகளின் வானூர்திகளுக்குத் தன் வான்பரப்பை மூடியது.

வானூர்திகள் பறிமுதலாகும் என்று அஞ்சிய ஏரோஃப்ளோட் மார்ச் 8 முதல் பெலருஸ் தவிர்ந்த பிற வெளிநாட்டுப் பறப்புகளை நிறுத்தியது. மார்ச் 10 அன்று வானூர்திகளை நாட்டைவிட்டு வெளியேற்றுவதை ரஷ்ய அரசு தடை செய்தது. மார்ச் 12 அன்று பெர்முடா தன் பதிவிலிருந்த ரஷ்ய நிறுவனங்களின் வானூர்திகளுக்கு வழங்கிய பறப்புத் தகுதிச் சான்றிதழ்களை இடைநிறுத்தியது. அப்பதிவில் இருந்தவை 700-க்கும் மேற்பட்டவை. பன்னாட்டு விதிகளின்படி அவை அன்றே தரையிலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் மார்ச் 14 அன்று ரஷ்யக் குடியரசுத் தலைவர் விளாதிமிர் பூட்டின் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி குத்தகை வானூர்திகளை உரிமையாளரின் ஒப்புதலின்றியே ரஷ்யாவில் பதிவு செய்து, ரஷ்யச் சான்றிதழுடன் இயக்கலாம்.

இதன் பின்னர் நூற்றுக்கணக்கான வானூர்திகள் இரட்டைப் பதிவு நிலையில் பறந்தன. ரஷ்யாவுக்குள் அவற்றை யாரும் தடுக்க இயலாது. வெளிநாட்டுத் தரையில் இறங்கும்போது மட்டுமே உரிமையாளர்கள் அவற்றை அணுக முடியும் என்ற நிலை உருவானது.

கொழும்பில் நிகழ்ந்தவை

தடையாணை

இந்நிலையில் ஏரோஃப்ளோட் தனக்கு நட்பான நாடுகள் எனக் கருதியவற்றுக்கு மட்டும் பறப்புகளை மீண்டும் தொடங்கியது. ரஷ்யச் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் செல்லும் இலங்கை அவற்றுள் ஒன்று. இந்தியத் தலைநகரான தில்லிக்கான பறப்புகளும் 2022 மே மாதத்தில் தொடங்கின.

ஜூன் 2 அன்று மாஸ்கோவின் செரெமெத்தியேவோ வானூர்தி நிலையத்துக்குத் திரும்பவிருந்த எஸ்யூ 289 பறப்புக்காக ஏறத்தாழ 190 பயணிகள் கட்டுநாயக்கவில் காத்திருந்தனர். அன்று செலஸ்டியல் ஏவியேசன் நிறுவனத்தின் மனுவை ஏற்ற வர்த்தக மேல் நீதிமன்றம், ஜூன் 16 வரை வானூர்தி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என இடைக்காலத் தடையாணை பிறப்பித்தது. ஏரோஃப்ளோட் நிறுவனத்துடன், வான்வழிச் சேவைகளுக்குப் பொறுப்பான இலங்கை அதிகாரியும் வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியின்றி எந்த வானூர்தியும் புறப்பட இயலாது என்பதால் இது முதன்மையான செயலாயிற்று. பயணிகள் புறப்பட முடியாமல் போயிற்று.

இங்குக் கவனிக்கத்தக்கது வழக்கின் தன்மை ஆகும். மனுதாரர் தடைகளை நிறைவேற்றுமாறு இலங்கை நீதிமன்றத்தைக் கோரவில்லை. குத்தகை ஒப்பந்தம் முடிவுற்றதாகவும், தன் உடைமை தன்னிடம் திரும்ப வேண்டும் எனவும் கோரிய தனியார் ஒப்பந்த வழக்காகவே அது தொடுக்கப்பட்டது. ஆகவே தடைகளை ஏற்காத நாட்டின் நீதிமன்றமும் அதனை விசாரிக்க இடமிருந்தது.

தூதரக எதிர்ப்பு

ஜூன் 3 அன்று ரஷ்ய வெளியுறவு அமைச்சகம் மாஸ்கோவிலுள்ள இலங்கைத் தூதரை அழைத்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. இச்சிக்கலை விரைவில் தீர்க்காவிடில் இரு நாட்டு நல்லுறவு பாதிக்கப்படும் எனவும் கூறியது. தன் வானூர்திகள் தடையின்றித் திரும்பும் என்ற உறுதி இல்லாத நிலையில் கொழும்புப் பறப்புகளை நிறுத்துவதாக ஏரோஃப்ளோட் அறிவித்தது. பயணச்சீட்டு விற்பனையும் நிறுத்தப்பட்டது. இலங்கையில் இருந்த ரஷ்யப் பயணிகள் பின்னர் நாடு திரும்பினர்.

இது இரு தனியார் தரப்புகளுக்கு இடையிலான வழக்கு என்றும், அரசுக்கு இதில் தொடர்பில்லை என்றும் இலங்கைத் தரப்பு விளக்கமளித்தது. அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் இதே நிலைப்பாட்டைத் தெரிவித்தார்.

விடுவிப்பு

ஜூன் 6 அன்று இலங்கைச் சட்டமா அதிபர் தரப்பின் வேண்டுகோளை அடுத்து நீதிமன்றம் தன் தடையாணையை இடைநிறுத்தியது. வானூர்தி மாஸ்கோ திரும்பியது. ஆயினும் ஏரோஃப்ளோட் உடனே தன் சேவையைத் தொடரவில்லை. ஜூலை 6 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் கோத்தாபய ராஜபக்ச, பூட்டினுடன் தொலைபேசியில் பேசியபோது, எரிபொருள் வாங்கக் கடனுதவியும், ஏரோஃப்ளோட் சேவையின் மீள்தொடக்கமும் கோரியதாக அறிவித்தார். அதற்கு ஒரு வாரத்துக்குப் பின்னர் அவர் மக்கள் போராட்டத்தால் நாட்டைவிட்டு வெளியேறினார். ஏரோஃப்ளோட் 2022 அக்டோபரில் கொழும்புச் சேவையை மீண்டும் தொடங்கியது.

இலங்கையின் நிலை

இந்நிகழ்வு நடந்த காலத்தில் இலங்கை விடுதலைக்குப் பிந்தைய தன் மிகக் கடுமையான பொருளாதார நெருக்கடியில் இருந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. பெட்ரோல், சமையல் எரிவாயு, மருந்து ஆகியவற்றுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். வானூர்தி எரிபொருளும் தட்டுப்பாடானதால் கொழும்பிலிருந்து தொலைதூரம் செல்லும் வானூர்திகள் சில, திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. மூடிக்கிடந்த சபுகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அவ்வாண்டு மே இறுதியில் வந்த ரஷ்யக் கச்சா எண்ணெயைக் கொண்டே மீண்டும் இயங்கத் தொடங்கியது.

ஆகவே இலங்கைக்கு ரஷ்யாவின் எண்ணெயும் சுற்றுலாப் பயணிகளும் தேவைப்பட்டனர். அதே வேளையில் கடன் மீட்புக்கு மேற்கு நாடுகளின் ஆதரவும் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியும் தேவைப்பட்டன. நீதிமன்றத்தின் தனித்தன்மையைக் காத்தால் முதலாவதும், வெளிப்படையாகத் தலையிட்டால் ஒப்பந்தங்களை மதிக்கும் நாடு என்ற பெயரும் பாதிக்கப்படும் நிலை இருந்தது. வானூர்தி நான்கு நாட்கள் நின்ற சிக்கலின் பின்னணி இதுவே.

தடைகளின் கீழ் பறக்கும் முறைகள்

தடைகளுக்கு உட்பட்ட நிறுவனங்கள் தொடர்ந்து பறக்கப் பயன்படுத்தும் வழிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

பதிவு மாற்றம்: வெளிநாட்டுச் சான்றிதழ் பறிக்கப்படும்போது உள்நாட்டுப் பதிவைக் கொண்டு பறத்தல். இது உள்நாட்டுப் பறப்புகளுக்குப் போதுமானது. வெளிநாடுகளில் ஏற்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை.

வழித்தடத் தேர்வு: பறிமுதலாகும் வாய்ப்புள்ள நாடுகளைத் தவிர்த்து, நட்பு நாடுகளுக்கு மட்டும் பறத்தல். கொழும்பு நிகழ்வு காட்டியபடி, அரசு நட்பாக இருந்தாலும் நீதிமன்றம் அவ்வாறு இருக்கும் எனக் கொள்ள இயலாது. ஐக்கிய அமெரிக்க வணிகத் துறை 2022 மார்ச்சில் ஏறத்தாழ 100 வானூர்திகளின் பட்டியலை வெளியிட்டது. எந்த நாட்டில் இருப்பவராயினும் அவற்றுக்கு எரிபொருள் நிரப்புவதோ பழுது பார்ப்பதோ அமெரிக்கச் சட்டத்தை மீறுவதாகும் என அது எச்சரித்தது.

உரிமையை வாங்குதல்: வழக்குகளிலிருந்து விடுபடக் குத்தகை வானூர்திகளை விலை கொடுத்து வாங்கிவிடுதல். ஏரோஃப்ளோட் 2022 மே மாதத்தில் எட்டு ஏ330 வானூர்திகளை இவ்வாறு வாங்கியது. காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகவும் உரிமையாளர்களுடன் உடன்பாடு எட்டப்பட்டது.

உறுப்புகளைக் கழற்றிப் பயன்படுத்துதல்: சில வானூர்திகளை நிறுத்திவைத்து, அவற்றின் இயந்திரம், சக்கரம், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றைக் கழற்றிப் பிற வானூர்திகளில் பொருத்துதல். வானூர்திகளின் எண்ணிக்கை குறைந்தாலும் எஞ்சியவை பறக்கும்.

இடைத்தரகர் வழி இறக்குமதி: உதிரிப்பாகங்களைத் தடை விதிக்காத நாடுகளின் வணிகர் மூலம் பெறுதல். 2022 மே முதல் 2023 ஜூன் வரை 120 கோடி டாலருக்குக் குறையாத வானூர்தி உதிரிப்பாகங்கள் ரஷ்ய நிறுவனங்களைச் சென்றடைந்ததாகச் சுங்கத் தரவுகளை ஆராய்ந்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தெரிவித்தது. ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, சீனா, கிர்கிசுத்தான் ஆகிய நாடுகள் இவ்வழிகளில் இடம்பெற்றன.

பிற தடைபட்ட நாடுகளின் உதவி: நெடுங்காலமாகத் தடைகளின் கீழ் வாழும் ஈரானின் தொழில்நுட்ப அறிவைப் பயன்படுத்துதல். 2023 ஏப்ரலில் ஏரோஃப்ளோட் தன் ஏ330 வானூர்தி ஒன்றைப் பராமரிப்புக்காகத் தெகுரானிலுள்ள மகான் ஏர் நிறுவனத்திடம் அனுப்பியது.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

ஈரான்

1979 ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின்னர் ஈரான் அமெரிக்கத் தடைகளுக்கு உள்ளானது. மன்னராட்சிக் காலத்தில் வாங்கப்பட்ட போயிங் வானூர்திகளை ஈரானியப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பறக்க வைத்தனர். போயிங் 747-இன் முதல் வகையான 747-100 ஈரானில் 2014 வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. உலகில் போயிங் 727 வகையின் கடைசிப் பயணிகள் சேவையும் 2019 சனவரியில் ஈரானிலேயே முடிவுற்றது.

2015 ஆம் ஆண்டின் அணுசக்தி உடன்பாட்டுக்குப் பின் ஈரான் ஏர் நிறுவனம் ஏர்பஸ்சிடம் 100, போயிங்கிடம் 80 வானூர்திகளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2018 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா உடன்பாட்டிலிருந்து விலகியது. அதற்குள் வந்து சேர்ந்த ஏர்பஸ் வானூர்திகள் மூன்று மட்டுமே. சிறிய ஏடிஆர் வானூர்திகள் 13 கிடைத்தன. போயிங் ஒன்றும் வரவில்லை.

மகான் ஏர் நிறுவனம் 2011 முதல் அமெரிக்கத் தடைப்பட்டியலில் உள்ளது. 2015 மே மாதத்தில் அது ஈராக்கிய நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கப்பட்ட ஒன்பது ஏர்பஸ் வானூர்திகளை ஈரானுக்குக் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் நான்கு ஏ340 வானூர்திகள் உசுபெக்கிசுத்தானுக்குச் செல்வதாகக் கூறிப் புறப்பட்டு ஈரானில் தரையிறங்கின.

அர்கெந்தீனாவில் நின்ற சரக்கு வானூர்தி

கொழும்பில் தடையாணை இடைநிறுத்தப்பட்ட அதே 2022 ஜூன் 6 அன்று, வெனிசுவேலாவின் எம்த்ராசூர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு வானூர்தி ஒன்று அர்கெந்தீனாவின் புவெனோசு ஐரிசு நகரில் இறங்கியது. அது முன்னர் மகான் ஏர் நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. எரிபொருள் வழங்குவோர் அமெரிக்கத் தடைக்கு அஞ்சி மறுத்ததால் அது அங்கேயே நின்றுவிட்டது. பின்னர் அமெரிக்காவின் வேண்டுகோளை அர்கெந்தீன நீதிமன்றம் ஏற்றது. 2024 பெப்ரவரியில் அது அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிரித்தழிக்கப்பட்டது. கொழும்பு வானூர்தி நான்கு நாட்களில் வீடு திரும்பியது. இது திரும்பவே இல்லை.

தென்னாப்பிரிக்கா, லிபியா

நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1963 முதல் ஆப்பிரிக்க நாடுகள் பல தென்னாப்பிரிக்க வானூர்திகளுக்குத் தம் வான்பரப்பை மறுத்தன. அந்நாட்டு வானூர்திகள் கண்டத்தின் மேற்குப் புறமாகக் கடலைச் சுற்றி, கேப் வர்டே தீவுக்கூட்டத்தின் சால் தீவில் எரிபொருள் நிரப்பி ஐரோப்பா சென்றன. இவ்வழிக்கு ஏற்ற நீண்டதூர வகையான போயிங் 747எஸ்பி வானூர்திகளும் வாங்கப்பட்டன.

லிபியாவின் மீது 1992 ஏப்ரலில் விதிக்கப்பட்ட வான்போக்குவரத்துத் தடை, ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 748 ஆம் தீர்மானத்தால் வந்தது. ஆதலால் எல்லா நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. லிபியாவின் பன்னாட்டுப் பறப்புகள் 1999 வரை நின்றுபோயின. ரஷ்யா பாதுகாப்பு அவையில் தடுப்புரிமை உடைய நாடு ஆதலின் அதன் மீது இத்தகைய தீர்மானம் நிறைவேற இயலாது. ரஷ்ய வானூர்திகள் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்குத் தொடர்ந்து வர முடிவதன் அடிப்படை இதுவாகும்.

பயணிகள் பாதுகாப்பு

தடைகளின் சுமையை வானூர்தி நிறுவனங்களுடன் பயணிகளும் தாங்குகின்றனர் என்பது நெடுங்கால விவாதம் ஆகும். ஒரு வானூர்தியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தயாரித்த நாள், பொருத்திய நாள், பறந்த மணிநேரம் ஆகியவை கொண்ட ஆவணம் இருத்தல் வேண்டும். இடைத்தரகர் வழியாக வரும் உறுப்புகளில் இந்த ஆவணத் தொடர்ச்சி அறுந்துவிடக் கூடும். தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்பு அறிவுறுத்தல்களும் மென்பொருள் புதுப்பித்தல்களும் முறையாகக் கிடைப்பதில்லை.

2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் 21 ரஷ்ய நிறுவனங்களைப் பாதுகாப்பற்றவை என்ற பட்டியலில் சேர்த்தது. உரிய சான்றிதழ் இல்லாமல் பறப்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். அவ்வாண்டு செப்டம்பரில் பன்னாட்டுப் பொது வான்போக்குவரத்து அமைப்பும் ரஷ்யாவின் மேற்பார்வை குறித்துப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது.

மறுபுறம், 2018 அக்டோபர் 3 அன்று பன்னாட்டு நீதிமன்றம் வழங்கிய இடைக்கால ஆணையில், பொதுமக்கள் வான்போக்குவரத்தின் பாதுகாப்புக்குத் தேவையான உதிரிப்பாகங்களும் சேவைகளும் ஈரானுக்குச் செல்வதற்கான தடைகளை நீக்குமாறு ஐக்கிய அமெரிக்காவுக்கு உத்தரவிட்டது. ஓர் அரசைத் தண்டிக்கும் தடை அந்நாட்டின் பயணியின் உயிருக்கு இடராகக் கூடாது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. எனினும் நடைமுறையில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

இந்தியாவுடன் தொடர்பு

இந்தியா பாதுகாப்பு அவை விதிக்காத தடைகளை ஏற்பதில்லை. அதனால் ஏர் இந்தியா நிறுவனம் ரஷ்ய வான்பரப்பின் வழியே வட அமெரிக்காவுக்குப் பறந்து வந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்கு இவ்வழி இல்லை. 2023 ஜூன் 6 அன்று தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியாவின் போயிங் 777 வானூர்தி, இயந்திரக் கோளாறினால் ரஷ்யாவின் தொலைகிழக்கிலுள்ள மகதான் நகரில் இறங்கியது. அதில் 216 பயணிகளும் 16 பணியாளர்களும் இருந்தனர். அமெரிக்கத் தயாரிப்பான வானூர்தியைத் தடைக்குட்பட்ட நாட்டில் பழுது பார்ப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. மும்பையிலிருந்து மாற்று வானூர்தி ஒன்று சென்று பயணிகளைச் சான் பிரான்சிஸ்கோவில் சேர்த்தது.

குத்தகை வானூர்திகளின் உரிமையைக் காக்கும் 2001 ஆம் ஆண்டின் கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008 இலும் ரஷ்யா 2011 இலும் இணைந்தன. இந்தியா இதனை முழுமையாக நடைமுறைப்படுத்த 2025 இல் தனிச்சட்டம் இயற்றியது. ரஷ்யாவின் குத்தகை வானூர்திகள் திரும்பாமல் போனது, உடன்படிக்கையில் கையொப்பமிடுவது மட்டும் உரிமையாளருக்குப் போதிய காப்பு ஆகாது என்பதை உணர்த்தியது.

பின்விளைவுகள்

உலகின் மிகப்பெரிய வானூர்திக் குத்தகை நிறுவனமான ஏர்காப், ரஷ்யாவில் சிக்கிய வானூர்திகளுக்காக 2022 முதல் காலாண்டில் ஏறத்தாழ 270 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் காட்டியது. 2023 செப்டம்பரில் ஏரோஃப்ளோட்டிடம் இருந்த 17 வானூர்திகளுக்கும் ஐந்து இயந்திரங்களுக்குமாக 64.5 கோடி டாலரை ரஷ்யக் காப்பீட்டு நிறுவனம் வழியாகப் பெற்றது. 2025 ஜூனில் இலண்டன் உயர் நீதிமன்றம், இவ்வானூர்திகள் 2022 மார்ச் 10 அன்றே இழக்கப்பட்டவையாகக் கொள்ளப்படும் எனத் தீர்ப்பளித்தது. போர் இடர்க் காப்பீட்டின் கீழ் ஏர்காப்புக்கு 100 கோடி டாலருக்கு மேல் கிடைக்க வழி ஏற்பட்டது.

ஆகவே, கொழும்பில் இறங்கிய நாளில் அந்த ஏ330 போன்ற வானூர்திகள் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர்களால் முன்னரே இழக்கப்பட்டவையாக இருந்தன. அவை தொடர்ந்து பறந்து கொண்டும் இருந்தன.

இவற்றையும் பார்க்க

ஏரோஃப்ளோட்
பண்டாரநாயக்க பன்னாட்டு வானூர்தி நிலையம்
சிக்காகோ உடன்படிக்கை
இலங்கைப் பொருளாதார நெருக்கடி
ஈரான் ஏர்